பழுப்புக் காகிதம் ஒட்டிய ஜன்னல்

லடோனா பிக்கெட் எதையும் கண்ணால் பார்த்துவிட்டு மட்டும் நம்புகிறவள் இல்லை. தொட்டுப் பார்க்க வேண்டும். கடையில் "இன்று வந்த பழம்" என்று எழுதியிருந்தால் பழத்தைத் திருப்பி அடிப்பக்கம் அமுக்குவாள். கோயிலில் பாதிரியார் "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றால், ஒரு கண்ணை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு வேறு யாரெல்லாம் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பாள். இதைப் பிறவிக்குணம் என்று தள்ளிவிட முடியாது. அவள் அப்பா பழைய கார் விற்றவர். ஓடிய தூரம் காட்டும் முள்ளை அவர் உள்ளே உட்கார்ந்து பின்னுக்குச் சுற்றும்போது, சின்ன லடோனா ஐஸ் சப்பிக்கொண்டே வாசலில் காவல் நிற்பாள். அப்படி வளர்ந்த பிள்ளை உலகத்தை எந்த முகத்தோடு நம்பும்?

வளர்ந்த பிறகு அமைந்த வேலையும் அதற்கேற்றதுதான். டெக்சஸில் வசந்தம் வந்தால் வானம் ஆலங்கட்டியை வாரி இறைக்கும். கார் கூரையெல்லாம் அம்மைத் தழும்பாகிவிடும். ஜனங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கையை நீட்டுவார்கள். அது உண்மையிலேயே வானம் போட்ட பள்ளமா, இல்லை காலுறைக்குள் கோல்ஃப் பந்தைப் போட்டுச் சுழற்றி அடித்த பள்ளமா என்று பார்த்துச் சொல்வதுதான் லடோனாவின் வேலை. கோடு போட்ட வெள்ளைப் பலகை ஒன்றைக் காரின் மேல் சாய்த்துப் பிடிப்பாள். கோடுகளின் பிம்பம் தகட்டில் விழும். பள்ளம் இருக்கிற இடத்தில் கோடு நெளியும். பிம்பத்தைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு முடி நரைக்கத் தொடங்கிவிட்டது. பொய்க்காரர்கள் வாயைத் திறந்தால் முதலில் என்ன வரும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். "மேடம், நாங்க அப்ப ஊர்லயே இல்லைங்க" என்பார்கள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கணவன் டுவேன் ஏசி ரிப்பேர் செய்கிறவன். அதிகம் பேச மாட்டான். பேசினால் அதையும் மனைவி சரிபார்ப்பாள் என்று தெரிந்தவன். ஆசைப்பட்டு வாங்க முடியாமல் போன மோட்டார் சைக்கிளின் பெயரை மகளுக்கு வைத்தான். அந்த ஹார்லிக்கு இப்போது பன்னிரண்டு வயது.

அவர்கள் ஊரான சாட்லர் க்ரீக்கில் டைல்ஸ் கடைக்கும் கியர்பாக்ஸ் பட்டறைக்கும் நடுவில் நிற்கிற தகரக் கொட்டகைதான் காப்பர் பெல்ஸ் சியர் ஜிம். சியர் என்பது பந்தாட்டக்காரர்களை உற்சாகப்படுத்தத் தொடங்கி, இப்போது பந்தே இல்லாமல் தனிப் போட்டியாகிவிட்ட குட்டிக்கரண ஆட்டம். ஹார்லி மூன்று வருஷமாக அங்கே ஃப்ளையர். அதாவது, கீழே மூன்று பெண்கள் தாங்க, அவர்கள் உள்ளங்கையில் ஏறி நிற்கிறவள். ஏறி நின்று, ஒரு காலைக் காதுவரை இழுத்துப் பிடித்து, நடுவர்களைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்க வேண்டும். லடோனாவின் தம்பி ஒருமுறை போட்டியைப் பார்க்க வந்துவிட்டு, "யாருக்குக்கா சியர் பண்றாங்க? பந்தையே காணோமே?" என்று கேட்டான். அந்த வருஷ நன்றித் திருநாளுக்கு அவனுக்கு அழைப்புப் போகவில்லை.

தம்பிக்கு என்ன தெரியும்? மகள் மேலே ஏறி நிற்கும் அந்த நொடி ஒன்றில்தான் லடோனா யாரையும் எதையும் சந்தேகப்பட மாட்டாள். தன் வயிற்றில் பிறந்தது தரையை விட்டு எழும்பி விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். மற்ற நேரமெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அலைகிறவளுக்கு அது பெரிய ஓய்வு.

அந்தக் குளிர்காலத்தில் ஹார்லி கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டாள். கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டது. வருஷா வருஷம் அவள் உயரத்தைப் பென்சிலால் குறிக்கிற சமையலறைக் கதவுச்சட்டத்துக்கு லடோனா திடீரென்று பெயின்ட் அடித்தாள். டுவேன் பார்த்துவிட்டுத் தூரிகையைக் கழுவி வைத்தான்.

மே மாதம் தேர்வு வந்தது. சியரில் போன வருஷத்து மெடலுக்கெல்லாம் இந்த வருஷம் மதிப்புக் கிடையாது. எல்லாரும் சட்டையில் எண்ணைக் குத்திக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து நிற்க வேண்டும். எந்த வயதுக் கூட்டம் என்பது பிறந்த தேதியைப் பொறுத்தது. எந்தத் தரத்து டீம் என்பது குட்டிக்கரணத்தைப் பொறுத்தது. அதுவும் யாரும் இடுப்பில் கை கொடுக்காமல், தள்ளாடாமல் இறங்கினால்தான் கணக்கு. மேலேயா கீழேயா என்பதை உயரமும் தோளும் சேர்ந்து முடிவு செய்யும். கோச்கள் சொல்கிற கதை இதுதான். இதற்கெல்லாம் பின்னால் வேறொரு கணக்கு இருக்கிறது என்பது லடோனாவின் கட்சி.

அதற்கு அவளிடம் ஆதாரமும் இருந்தது. வருஷம் முழுக்கப் பெற்றோர் உட்கார்ந்து பார்க்கிற அறையின் பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு, தேர்வு வாரத்தில் மட்டும் பழுப்புக் காகிதம் ஒட்டிவிடுவார்கள். மறைக்க ஒன்றும் இல்லையென்றால் எதற்குக் காகிதம்?

அன்று அந்த அறையில் தாய்மார்கள் வாளி அளவு கோப்பைகளில் ஐஸ் டீயை வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவருக்கு அப்பால் பாய் மீது கால்கள் தொம் தொம்மென்று விழும் சத்தம் கேட்டது. லடோனாவுக்குப் பக்கத்தில் கேண்டஸ் வந்து உட்கார்ந்தாள். வீட்டுக்குள்ளேயும் கழற்றாத அகல விளிம்பு வைக்கோல் தொப்பிக்காரி. அவள் மகள் எம்பர் பத்து வயதுச் சிட்டுக்குருவி. கேண்டஸின் கணவன் விளம்பரப் பதாகை அச்சடிப்பவன். ஜிம் வாசலில் தொங்கும் புதுப் பதாகை அவன் இலவசமாகக் கொடுத்தது. லடோனா அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மூக்கில் வேர்க்கும்.

"என்ன லடோனா, ஹார்லி ஒரேயடியா வளந்துட்டாளே! பார்க்கவே ஆசையா இருக்கு. அப்படி என்னதான் சாப்பாடு போடறீங்க செல்லம்?" என்றாள் கேண்டஸ்.

"நீங்க எம்பர் கண்ணுல காட்டாத சாப்பாடுதான் கண்ணு."

"ஐயோ, உங்க நல்ல மனசுக்கு நீங்க நல்லா இருக்கணும்" என்று கேண்டஸ் சிரித்தாள். அந்த ஊரில் அது வாழ்த்து இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

கேண்டஸ் டீ நிரப்ப எழுந்து போனதும் லடோனா ஜன்னல் ஓரத்துக்கு நகர்ந்தாள். காகிதத்தின் கீழ்மூலையில் யாரோ ஒரு புண்ணியவதி நகத்தால் ஒரு பொத்தல் போட்டு வைத்திருந்தாள். லடோனா செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்து ஒரு கண்ணை வைத்தாள்.

எம்பர் மேலே நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் காதோரம், வாயெல்லாம் பல். கீழே, அவளுடைய இன்னொரு காலின் பாதத்தை முகத்துக்கு நேரே ஏந்திப் பிடித்துக்கொண்டு நின்றது ஹார்லி. அந்தப் பாவி கேண்டஸின் மகளுடைய செருப்படியில் தன் பிள்ளை! லடோனா வெடுக்கென்று நிமிர்ந்தாள். பதாகை வேலை செய்துவிட்டது என்று தீர்மானித்தாள்.

வண்டியில் ஏறியதும் கேட்டாள்.

"யாருடி உன்னைக் கீழ நிக்க வெச்சது?"

"அம்மா! எட்டிப் பாத்தியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"எல்லாரையும் மாத்தி மாத்தி நிக்க வைப்பாங்கம்மா. அதுதானே தேர்வு."

"உன்னை எத்தனை தடவை மேல ஏத்தினாங்க?"

"ஒரு தடவை."

"எம்பரை?"

ஹார்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்கே எல்லாம் தெரியும்" என்றாள் லடோனா. அதற்கு மேல் ஹார்லி வாயைத் திறக்கவில்லை. குழந்தை அவமானத்தில் பேசாமல் வருகிறது என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

ஏரிக்கு அந்தப் பக்கம் நைட்ஹாக்ஸ் என்றொரு ஜிம். காப்பர் பெல்ஸ்காரர்கள் அந்தப் பெயரை வீட்டில்கூட உச்சரிக்க மாட்டார்கள். இரண்டு ஜிம்களும் வேண்டுமென்றே ஒரே வாரத்தில் தேர்வு வைக்கும். ஒருத்தி ஒரு படகில்தான் கால் வைக்க வேண்டும் என்பதற்காக. தேர்வு வாரத்தில் இன்னொரு ஜிம் வாசலை மிதித்தால் இங்கே இடம் போய்விடும் என்பது கைக்குழந்தைக்கும் தெரிந்த சட்டம். மறுநாள் காப்பர் பெல்ஸில் சின்னப் பிள்ளைகளின் முறை, ஹார்லிக்கு ஓய்வு. அன்று மாலை லடோனா மகளை நைட்ஹாக்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"வேண்டாம்மா. நான் வரல" என்றாள் ஹார்லி.

"சும்மா பாத்துட்டு வரலாம். இங்க உன்னை மிதிக்கிறாங்க, அங்க உன் அருமை தெரியும்."

"என்னை யாரும் மிதிக்கலம்மா."

"செருப்பு மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு, நான் பாத்தேன். ஏறு வண்டியில."

ஊரை ஏமாற்ற வருகிறவர்களைப் பிடிக்கிறவளுக்கு ஊரை ஏமாற்றத் தெரியாதா என்ன? மகளின் செம்பு நிறச் சட்டையைக் கழற்றி எழுத்தில்லாத வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். தலையில் இருந்த பெரிய ரிப்பன் பூ போயிற்று. ஷூவில் இருந்த செம்பு நிற நாடாவை உருவி வெள்ளை நாடா கோத்தாள். கார் முன்கண்ணாடியில் தொங்கிய குட்டி மணியைக் கழற்றிக் டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டாள். நைட்ஹாக்ஸ் வாகன நிறுத்தத்தில் கடைசிக்குப் போய், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், மூக்கு சுவரைத் தொடும்படி வண்டியை நிறுத்தினாள். தெரிந்த முகம் யாராவது உண்டா என்று சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை. தன்னைத் தானே மெச்சிக்கொண்டு இறங்கினாள்.

உள்ளே தேர்வு நடத்தியவர் பனைமரம் போல ஒரு கோச். வரிசையில் நின்ற ஹார்லியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தோளு நல்லா இருக்கே. நீ கீழ தாங்கற ஆளுதானேம்மா?" என்றார்.

லடோனா வாயைத் திறப்பதற்குள் ஹார்லி, "ஆமா சார்" என்றுவிட்டாள்.

லடோனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்த்த மாத்திரத்தில் இவருக்கு எப்படித் தெரிந்தது? காப்பர் பெல்ஸ் கோச் மார்சி போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். பகையாளிகள் என்று ஊருக்குக் காட்டிக்கொண்டு உள்ளுக்குள் கூட்டு வைத்திருக்கிறார்கள்! தேர்வு முடியும்வரை அவள் அந்த மனிதரின் போன் எத்தனை முறை மினுங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நடுவில் ஹார்லி கழிப்பறைக்குப் போனாள். போகும்போது தொங்கிப் போயிருந்த முகம் வரும்போது கொஞ்சம் தெளிந்திருந்தது. உள்ளே யாரோ மிட்டாய் கொடுத்திருக்கிறார்கள் என்று லடோனா அதையும் குறித்து வைத்துக்கொண்டாள்.

இத்தனையும் பார்த்தவள் ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. பருவத்தின் கடைசிப் போட்டியன்று தாய்மார்கள் கூடி எல்லா வண்டிகளின் பின்கண்ணாடியிலும் வெள்ளை ஷூ பாலிஷால் எழுதுவது வழக்கம். லடோனாவின் வண்டியில் கொட்டை எழுத்தில், "காப்பர் பெல்ஸ் ஃப்ளையர் ஹார்லி உள்ளே இருக்கிறாள்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு மணியும் வரைந்திருந்தார்கள். பெருமைக்காக அவள் அதைக் கழுவவே இல்லை. தினமும் பார்த்துப் பார்த்து அது அவள் கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது. மூக்கைச் சுவரில் ஒளித்துவைத்த வண்டி, முதுகை ஊருக்குக் காட்டிக்கொண்டு நின்றது.

இரண்டு நாள் கழித்து மார்சியிடமிருந்து அழைப்பு வந்தது. "ஹார்லியையும் கூட்டிட்டு வாங்க" என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாத குரல்தான் லடோனாவுக்கு ஆகாது.

கோச் மார்சி குள்ளமான பெண். ஒரு காலத்தில் ஃப்ளையராக இருந்து விழுந்து முட்டி போனவள். எந்நேரமும் சூரியகாந்தி விதையைக் கொறித்து, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டிருப்பாள். ஹார்லியை வெளியே பாயில் உட்காரச் சொல்லிவிட்டு, லடோனாவை அறைக்குள் அழைத்துத் தன் போனை மேசை மேல் நகர்த்தினாள். அதில் ஒரு போட்டோ. குப்பைத் தொட்டிகள், சுவர், ஒரு வண்டியின் பின்பக்கம். சுவரில் நைட்ஹாக்ஸின் அடையாளப் பறவை.

"நாங்க அன்னைக்கு ஊர்லயே இல்லையே" என்றாள் லடோனா.

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் அவள் காதில் விழுந்தது. எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டது! முகம் சுட்டது.

மார்சி விதைத் தோலைத் துப்பினாள். "என்னைக்குன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே லடோனா. உங்க பொண்ணு பேரு கொட்டை எழுத்துல எழுதியிருக்கு."

"யாரு அனுப்பினது இதை?"

"தெரியாத நம்பர்."

"எங்களை இந்த நிலைமைக்குக் கொண்டு வந்தது நீங்க" என்று லடோனா பாய்ந்தாள். "மூணு வருஷமா மேல நின்ன பொண்ணை, பதாகை குடுத்தவன் பொண்ணுக்காகக் கீழ தள்ளினீங்க. காகிதத்தை ஒட்டிட்டா தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

மார்சி கொறிப்பதை நிறுத்தினாள். "நான் தள்ளினேனா? பிப்ரவரியில அவளே வந்து கேட்டா. 'கோச், என்னைக் கீழ போட முடியுமா'ன்னு. தினம் வகுப்பு முடிஞ்சு அரை மணி நேரம் இருந்து கத்துக்கிட்டா."

அந்த அரை மணி நேரம் லடோனாவுக்குத் தெரியும். பிள்ளையைத் தரை துடைக்க வைக்கிறார்கள் என்று டுவேனிடம் புலம்பியிருக்கிறாள்.

"மேல ஏறப் பயமா இருக்குன்னாளா?"

"பயமெல்லாம் இல்ல. மேல நின்னா சிரிச்சுக்கிட்டே இருக்கணுமாம். கீழ நின்னா யாரையாவது பத்திரமாப் புடிச்சுக்கலாமாம். அப்படித்தான் சொன்னா. வீட்டுல நானே சொல்லிக்கறேன், நீங்க சொல்லாதீங்கன்னா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அதை அவகிட்டதான் கேக்கணும்." மார்சி பெருமூச்சு விட்டாள். "பெரிய டீம்ல இடம் போட்டு வெச்சிருந்தேன், லடோனா. எம்பரோட காலைத் தாங்கற இடம். அந்தக் குட்டி வேற யார் கை மேலயும் ஏற மாட்டேங்குது. அவளுக்காகவே இவ, இவளுக்காகவே அவ. இப்ப இந்தப் போட்டோ வந்து நிக்குது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

லடோனா போனை எடுத்து, வேலைப் பழக்கத்தில் படத்தை இரண்டு விரலால் விரித்தாள். எழுத்துகள் பெரிதாயின. எழுத்துகளுக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி. கறுப்புக் கண்ணாடியில் பிம்பம் விழும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மணி வரைந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்து நின்றாள். முகம் தெரியவில்லை. அகல விளிம்புத் தொப்பி தெரிந்தது. பக்கத்தில் ஒரு குட்டி உருவம், ஒற்றைக் காலில் நின்று, மறு காலின் குதிகாலைப் பின்பக்கமாகக் கையால் இழுத்துப் பிடித்திருந்தது. காத்திருக்கிற நேரத்தில் ஃப்ளையர்கள் மட்டும்தான் அப்படி நிற்பார்கள்.

கேண்டஸ்! படம் எடுத்தவளும் அங்கேதான் இருந்திருக்கிறாள், மகளையும் கூட்டிக்கொண்டு! தொழிலில் இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு களவைக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை. வாயைத் திறந்தாள். தொப்பியை மார்சியிடம் காட்ட விரலும் நீண்டுவிட்டது.

அப்போது அறைக்கதவின் கண்ணாடி வழியாகப் பாய் தெரிந்தது. ஹார்லி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எங்கிருந்தோ எம்பர் வந்து அவள் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றாள், குதிகாலைப் பின்னால் இழுத்துப் பிடித்தபடி. விழாமலிருக்க மற்றொரு கையை ஹார்லியின் தலையில் ஊன்றியிருந்தாள். ஹார்லி தலையை அசைக்காமல் வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல, அந்தக் குட்டி சிரித்து ஆடியது. ஆடியதும் ஹார்லியின் கை தானாக உயர்ந்து அதன் முட்டியைப் பிடித்துக்கொண்டது.

நைட்ஹாக்ஸ் கழிப்பறையில் ஹார்லிக்கு மிட்டாய் கொடுத்தது யார் என்று லடோனாவுக்கு இப்போது புரிந்தது. இரண்டும் அங்கே ஒன்றையொன்று சந்தித்திருக்கின்றன. இரண்டும் யாரிடமும் சொல்லவில்லை.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?" என்றாள் மார்சி. "அதுல வேற யாராவது தெரியறாங்களா? உங்க தொழிலே அதுதானே."

லடோனா நீட்டிய விரலை மடக்கினாள்.

"இல்ல" என்றாள். "என் வண்டி மட்டும்தான் இருக்கு."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "ஹார்லி மேல தப்பு இல்ல. வரமாட்டேன்னு சொன்னா. நான்தான் இழுத்துட்டுப் போனேன்" என்றாள். இதைச் சொல்வது முந்தைய பொய்யைவிடக் கஷ்டமாக இருந்தது.

மார்சி நெடுநேரம் விதை கொறித்தாள். "தேர்வு பிள்ளைங்களுக்கு மட்டும் நடக்குதுன்னு எல்லாத் தாய்மார்களும் நெனச்சுக்கறீங்க" என்றாள் கடைசியில். "பிள்ளைங்க எப்படியும் தேறிடுதுங்க. சரி. சட்டத்தை மீறினது நீங்க, அதனால தண்டனையும் உங்களுக்குத்தான். அவ இடம் அவளுக்கு. இந்த வருஷம் பூரா அந்த ஜன்னல் அறைக்குள்ள நீங்க கால் வைக்கக் கூடாது. போட்டியன்னைக்கு மட்டும் பாக்கலாம். இன்னொரு தடவை இப்படி ஏதாவது நடந்தா ரெண்டு பேருக்கும் வெளியே வழி."

பல்லைப் பிடுங்கியிருந்தால்கூட லடோனா அவ்வளவு துடித்திருக்க மாட்டாள். ஆனாலும், "சரிங்க கோச்" என்றாள்.

வண்டி ஜிம் வாசலைத் தாண்டியது. பிறகு லடோனா கேட்டாள்.

"எம்பரும் அன்னைக்கு அங்க வந்திருந்தாளா?"

ஹார்லியின் முகம் வெளுத்தது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. போட்டோவுல பாத்தேன்."

"கோச்கிட்ட சொல்லிட்டியா? அம்மா, சொல்லிட்டியா? அவளையும் எடுத்துடுவாங்கம்மா."

"சொல்லல."

"நிஜமா?"

"நிஜமாத்தான்."

ஹார்லி அம்மாவின் முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தாள். எங்கே கோடு நெளிகிறது என்று தேடுகிற பார்வை. அது யாருடைய பார்வை என்று லடோனாவுக்குத் தெரிந்தது. தன் பிள்ளை தன்னை அப்படிப் பார்ப்பாள் என்று அவள் நினைத்ததே இல்லை.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல? கீழ நிக்கத்தான் பிடிச்சிருக்குன்னு?"

"சொல்ல வந்தேன்மா. உனக்கே எல்லாம் தெரியும்னு சொல்லிட்ட."

வீட்டுக்குப் போனதும் லடோனா குழாயை இழுத்து வந்து பின்கண்ணாடியைக் கழுவினாள். எழுத்து சீக்கிரம் போகவில்லை. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது.

ஜூனில் பயிற்சி தொடங்கியது. ஜன்னல் காகிதத்தை உரித்துவிட்டார்கள். எல்லாத் தாய்மார்களும் உள்ளே உட்கார்ந்து தெளிவாகப் பார்க்க, லடோனா மட்டும் வெயிலில் வண்டிக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொட்டகைச் சுவர் அவளுக்கு எதிரே ஒன்றும் சொல்லாமல் நின்றது. உள்ளே தொம் தொம்மென்று சத்தம் கேட்கும்போதெல்லாம், யார் விழுந்தார்கள், யார் யாரை என்ன செய்கிறார்கள் என்று மனசு அலைந்தது.

கேண்டஸ் ஐஸ் டீயோடு வெளியே வந்து, வண்டி ஜன்னலில் குனிந்தாள். தொப்பி விளிம்பு உள்ளே வந்து இடித்தது.

"பாவம் லடோனா, இந்த வெயில்ல இப்படி உக்கார வெச்சுட்டாங்களே! எவளோ ஒரு பாவி போட்டோ எடுத்து அனுப்பிட்டாளாமே? கேட்டதும் எனக்குத் தூக்கமே வரல."

"எனக்கும்தான்" என்றாள் லடோனா. "ஆனா நல்லாத்தான் எடுத்திருக்கா. கண்ணாடியில உங்க தொப்பிகூட அழகா விழுந்திருக்கு."

கேண்டஸின் வாய் திறந்தபடி நின்றது. கோப்பையில் ஐஸ் கட்டிகள் மோதிக்கொண்டன.

"பயப்படாதீங்க. நான் யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். எம்பர் ஹார்லி கை மேல நிக்கறா" என்றாள் லடோனா. "உள்ள போய் உக்காந்து ரெண்டு பிள்ளைங்களையும் பாருங்க. யாராவது ஒருத்தராவது பாக்கணுமில்ல."

கேண்டஸ் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். இவள் உள்ளே போய் ஒழுங்காகப் பார்ப்பாளா என்று லடோனாவுக்கு உடனே சந்தேகம் வந்தது. வராமல் இருக்குமா?

பயிற்சி முடிந்து ஹார்லி ஓடி வந்தாள். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ஏறிக் கதவைச் சாத்தியதும் மூச்சு வாங்கிக்கொண்டே, "அம்மா, இன்னைக்கு எம்பர் முழுசாச் சுத்தி வந்து நின்னா. நான் புடிச்சுக்கிட்டேன். ஆடவே இல்ல. ஒரு தடவைகூட விழல" என்றாள்.

ஒரு தடவைகூடவா? லடோனாவின் நாக்கு நுனிவரை வந்தது அந்தக் கேள்வி. ஹார்லியின் தோளில், சட்டைக் கழுத்துக்கு வெளியே, சிவப்பாக ஏதோ தடம் தெரிந்தது. ஷூ பட்ட தடமா, விழுந்த காயமா? குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். சட்டையைக் கொஞ்சம் விலக்கினால் போதும்.

ஹார்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியா? சபாஷ்டி தங்கம்" என்றாள் லடோனா. தோளைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினாள்.